தராசக்கா தட்டிய கதவுகள்

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. தராசக்கா என்றால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். தெருமுனையில் அவரும் அவர் கணவரும் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார்கள். கணவர் வெட்டுவார், அக்கா நிறுப்பார். ஒரு கிலோ கேட்டால் ஒரே அள்ளு. தட்டில் வைத்ததும் முள் நடுவில் நிற்கும். ஒரு துண்டைப் போடுவது, பிறகு அதையே கிள்ளி எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. புது எலக்ட்ரானிக் தராசு வாங்கிய அன்று, அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று அக்காவின் கையை வைத்துச் சோதித்தார்கள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

நிறுப்பதைப் போலவே நினைவும். யாருக்கு நெஞ்செலும்பு, யாருக்குக் கொழுப்பில்லாத தொடை, யார் வீட்டில் பல் போன பெரியவர் இருப்பதால் பொடியாக நறுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எதிர்ப்பக்கத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை என்னுடையது. நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கானது பொட்டலமாகிவிடும்.

அக்காவுக்குப் பதினாறு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். தம்பிக்கு அப்போது மூன்று. அவனை இடுப்பில் வைத்தே வளர்த்தார். பின்னால் கணவரான கறிக்கடைக்காரர் பெண் கேட்டு வந்தபோது, "நான் தனியா வரமாட்டேன், இவனும் வருவான்" என்றாராம். அதற்கு அவர், "ஒண்ணு கேட்டா ரெண்டு குடுக்கற கடையா இது? நல்லதாப் போச்சு" என்று சிரித்தாராம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி வளர்ந்து முப்பத்தைந்து வயது ஆளாகி, அதே கடையில் தோல் உரிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டான். மாமா மாமா என்று அவரையே சுற்றி வருவான். மூன்று பேரும் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள்.

அந்த வருடம் கோடை கடுமையாக இருந்தது. ஆற்றுப் பாலத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்ததால் பன்னிரண்டு நாளாகச் சந்தை லாரி வரவில்லை. கடையில் கொக்கிகள் வெறுமனே தொங்கின. வாடிக்கைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தெருக் கோழிக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கடைக்காரர் கத்தியைத் தீட்டுவார், துடைத்து வைப்பார், மறுபடி எடுத்துத் தீட்டுவார்.

ஒரு சனிக்கிழமை காலை, பால்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். ஊர் ஓரத்தில் கொட்டகை போட்டு ஒரு டஜனுக்கு மேல் மாடு வைத்திருந்தவர். கடைக்காரருக்கு இருபது வருடப் பழக்கம். ஒரு மாடு பள்ளத்தில் விழுந்து கால் உடைந்துவிட்டது, சாவதற்குள் வந்து அறுத்துவிடுங்கள் என்றார். கடைக்காரர் தன் தொழிலில் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். செத்த மாட்டையும் சீக்கு மாட்டையும் தொடமாட்டார். கால் உடைந்த மாடு என்றதால் கத்தியை எடுத்துக்கொண்டு தம்பியோடு கிளம்பினார்.

அங்கே மாடு ஒருக்களித்துக் கிடந்தது. நாலு காலும் முழுசாக இருந்தன. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கசிந்து மண்ணில் சொட்டியது. விழுந்த அடி என்றார் பால்காரர். இரண்டு நாளைக்கு முன்பு இன்னொரு மாடும் இதேபோல் திடீரென்று விழுந்து செத்ததை, அதைக் கொட்டகைக்குப் பின்னால் அவசர அவசரமாகப் புதைத்ததை அவர் சொல்லவில்லை. கடைக்காரர் கத்தியோடு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். தம்பி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். மாமா திரும்பிப் போய்விடுவார் என்றே அவன் நினைத்தானாம். ஆனால் மாடு கடைசி மூச்சுக்கு வந்துவிட்டது. வெறும் கொக்கிகள் அவர் கண்ணில் வந்து நின்றனவோ என்னவோ, குனிந்து அறுத்துவிட்டார்.

கறி மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கியது. ரத்தம் பிடித்த வாளியை அக்கா ஓரமாக வைத்தார். வழக்கமாக ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ரத்தம் கட்டியாகிவிடும். அன்று அரைமணி நேரம் கழித்துப் பார்த்தும், தார் கலந்த தண்ணீர் போலக் கறுத்து, தளும்பி அசைந்தது.

"என்னங்க, ரத்தம் உறையவே இல்லியே" என்றார் அக்கா.

"வெயில்ல கெடந்த மாடு. அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். முகத்தை நிமிர்த்தவில்லை.

வாசலில் அதற்குள் கூட்டம். பன்னிரண்டு நாள் கழித்து வந்த கறி. அக்கா வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத் தராசுக்கு வந்தார். மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. நானும் முக்கால் கிலோ வாங்கினேன். ஈரல் முழுவதையும், ஒரு தொடையையும், முன்பின் பார்த்திராத ஒரு பெண் வாங்கிப் போனாள். மிச்சமிருந்த குடலில் கொஞ்சத்தைக் கடைக்காரர் தன் வீட்டுக்கு எடுத்துவைத்தார். அக்கா அன்று பல்வலியில் கஞ்சி மட்டும் குடித்திருந்தார்.

திங்கட்கிழமை தம்பியின் முழங்கைக்குக் கீழே கொசு கடித்தது போல ஒரு தடிப்பு. அரித்தது, சொறிந்தான். செவ்வாய்க்கிழமை அது நீர்க்கொப்புளமாகி, சுற்றிலும் வீங்கியது. புதன்கிழமை கொப்புளம் உடைந்து, நடுவில் கரித்துண்டு பதித்தது போல ஒரு கறுப்புப் பொருக்கு. கை தொடை போலப் பருத்துவிட்டது. என் கடைக்கு வந்து அதைக் காட்டி, "அண்ணே, இவ்ளோ பெருசா இருக்கு, துளிகூட வலிக்கல பாருங்க" என்று சிரித்தான். வலிக்காததால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைக்காரருக்கோ செவ்வாய்க்கிழமையே காய்ச்சல். பிறகு வாந்தி, வயிற்றுவலி. பன்னிரண்டு நாள் கழித்துச் சாப்பிட்ட கறி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா இஞ்சிச் சாறு கொடுத்தார். புதன்கிழமை காலை அவர் எடுத்த வாந்தியில் ரத்தம் இருந்தது. வயிறு பானை மாதிரி உப்பி, விரல் பட்டாலே துடித்தார். அக்கா இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா தம்பியின் கையைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். கையுறை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். வலிக்கிறதா என்றார். இல்லை என்றான். என்ன வேலை என்றார். சொன்னான். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கடைக்காரரைப் பார்த்து, கடைசியாக அறுத்த மாட்டுக்கு ஏதாவது நோய் இருந்ததா என்று கேட்டார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மாடுதான், கால் உடைந்த மாடு என்று முனகினார்.

டாக்டரம்மா அக்காவின் பக்கம் திரும்பினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை அக்கா. ஆனால் அந்தக் கணம் எது எதெல்லாம் போகும் என்று எண்ணிப் பார்த்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் கடை போகும், மானம் போகும், புருஷன் ஜெயிலுக்குக்கூடப் போகலாம். சொல்லாவிட்டால் என்ன போகும் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"மூக்குல ரத்தம் வந்த மாடுன்னு என் தம்பி சொன்னான். சாகப்போற மாடு. ரத்தம் உறையவே இல்ல. நான் பார்த்தேன்" என்றார்.

டாக்டரம்மா அதை அடைப்பான் என்றார். ஆந்த்ராக்ஸ் என்றும் சொன்னார். மண்ணில் வருடக்கணக்காகக் காத்துக் கிடக்கும் கிருமி, மேய்கிற மாட்டுக்குள் போய், அந்த மாட்டைத் தொட்டவர்களுக்கும் தின்றவர்களுக்கும் வருவது. ஒருவரிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் போலத் தொற்றாது என்றும், கையில் வந்தால் மருந்துக்குக் கட்டுப்படும், வயிற்றில் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றும் சொன்னார். மாட்டு டாக்டருக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் போன் போனது. பால்காரர் கொட்டகையில் அதற்குள் இன்னும் இரண்டு மாடு செத்துக் கிடந்தன.

ஒரு மணி நேரத்தில் சுகாதார நர்ஸ் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், நடையிலேயே அவசரம் தெரியும் ஆள். கறி வாங்கியவர்களின் பட்டியல் வேண்டும் என்றார். இறைச்சிக் கடையில் ஏது பட்டியல்? ஒலிபெருக்கியில் அறிவிக்கலாமா என்று யோசித்தார்கள். அறிவித்தால் பாதிப் பேர் பயந்து ஒளிவார்கள், பாதிப் பேர் நம்பமாட்டார்கள் என்றார் நர்ஸ்.

அக்கா எழுந்தார். "எனக்குத் தெரியும். யாரு யாரு வாங்கினாங்கன்னு எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன்."

கடைக்காரர் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் சேலையைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர். "போகாத. ஊரு உன்ன அடிச்சே கொன்னுடும். என் பக்கத்துல இரு."

அக்கா அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

முதல் கதவு என்னுடையது. நர்ஸும் மாத்திரைப் பையும் பின்னால் நிற்க, அக்கா என் கடை வாசலில் நின்று, நேற்று வரை நெஞ்செலும்பு வேண்டுமா என்று கேட்ட அதே குரலில் சொன்னார்: "தம்பி, சனிக்கிழமை நான் நிறுத்துக் குடுத்த கறியில விஷக் கிருமி இருக்கு. எனக்குச் சந்தேகம் வந்துச்சு, வாயத் தொறக்கல. நீங்களும் வீட்டுக்காரம்மாவும் இந்த மாத்திரைய இப்பவே போடுங்க."

எனக்கு வந்தது கோபமா பயமா என்று பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. மாத்திரையை வாங்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன். அதற்கப்புறம் பல வாரங்கள், வயிறு சும்மா உறுமினாலும் எனக்கு உயிர் போய் வரும். என் மனைவி அக்காவோடு ஒரு வருடம் பேசவில்லை. நான் பேசினேனா என்று கேட்டால், அந்த முதல் நாள் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் உண்மை.

எல்லா வீட்டுக்கும் அதே வார்த்தைகள். 'எனக்குச் சந்தேகம் வந்துச்சு, வாயத் தொறக்கல' என்பதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள், சும்மா நோய் என்று சொன்னால் போதும் என்று நர்ஸ் நாலாவது வீட்டிலேயே சொன்னார். அதைச் சொன்னால்தான் நான் பொய் சொல்லவில்லை என்று நம்புவார்கள், மாத்திரையை முழுங்குவார்கள் என்றார் அக்கா.

ஒரு வாத்தியார், நான் சாப்பிட்டு நாலு நாளாகிறது, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று கதவைச் சாத்தினார். அக்கா கதவுக்கு வெளியே நின்று, கல்லுக்கும் காய்ச்சல் வரும் சார், மாத்திரையைப் படிக்கட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் மாத்திரையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏதாவது ஆகணும்னா அது என் சமையலாலதான் ஆயிருக்கணும், உன் கறிய ஏம்மா கொறை சொல்ற" என்றார். அன்று முழுவதும் அக்கா கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். இன்னொரு வீட்டில், பிரிட்ஜில் கட்டியாகியிருந்த கறியை ஒருவர் எடுத்து வந்து முகத்துக்கு நேரே வீசினார். தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அக்கா நர்ஸ் கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு, அதைப் பொறுக்கி, எரிப்பதற்கான பையில் போட்டார். வாங்கியது ஒண்ணேகால் கிலோ, இது அரைதான் இருக்கும், மிச்சத்தைச் சாப்பிட்டவர்கள் யார் யார் என்று அவரிடமே கேட்டார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கடைக்காரருக்கு மூக்கில் குழாய், கையில் இரண்டு ஊசி. மனைவியைப் பார்த்ததும், போகாதே என்று சொன்ன அதே மனிதர், "எத்தன வீடு ஆச்சு?" என்று கேட்டார். பதினேழு என்றார் அக்கா. இஸ்திரிக் கடைக்காரர் வீட்டுக்குப் போனாயா, அவருக்கு நான் என் கையால் குடல் கொஞ்சம் கூடப் போட்டேன் என்றார். போனேன், பூட்டியிருந்தது, காலையில் முதல் வேலையாகப் போகிறேன் என்றார் அக்கா.

வியாழக்கிழமை காலை அந்த வீடு திறந்திருந்தது. வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. இஸ்திரிக் கடைக்காரர் முந்தின நாளே வயிற்றுவலியோடு வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, விடிகாலையில் இறந்துபோயிருந்தார். என்ன நோய் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ், நான் போய்ச் சொல்கிறேன், நீங்கள் வெளியே இருங்கள் என்று கெஞ்சினார். அக்கா கேட்கவில்லை. அந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மற்ற வீடுகளில் சொன்னதையே சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த அம்மா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "அவரு உன் கைய நம்பித்தானே வாங்குவாரு" என்றார்.

அக்கா மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை மூலையில் எறிந்தார். அக்கா எடுத்து வந்து மறுபடி வைத்தார். மூன்றாம் தடவை அந்த அம்மாவின் தங்கை வாங்கி, அக்காளின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அதைப் பார்த்த பிறகே தராசக்கா எழுந்தார். வெளியே வந்து சாக்கடையோரம் வாந்தி எடுத்தார். நர்ஸ் பதறி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

அன்று மாலைக்குள் தெரிந்த வீடுகள் முப்பத்து மூன்றும் முடிந்தன. ஏழு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. ஈரலும் தொடையும் வாங்கிய அந்த முன்பின் தெரியாத பெண். பத்துக் கிலோவுக்கு மேல் வாங்கியவள். எத்தனை வாய்க்குப் போயிருக்கும்?

இந்த ஒருத்தியைப் பற்றி அக்காவுக்கு எதுவுமே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை கணவரின் கட்டிலருகில் உட்கார்ந்து நெற்றியை அடித்துக்கொண்டார். கடைக்காரருக்கு அப்போது பேச்சு குழறியது. வயிற்றிலிருந்து நீர் எடுத்தும் மூச்சு திணறியது. இன்று இங்கேயே இருப்பது நல்லது என்று டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார். அதன் அர்த்தம் அக்காவுக்குப் புரியாமல் இல்லை. தம்பி கட்டுப்போட்ட கையோடு மாமாவின் காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மருந்து பிடித்துவிட்டது, வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது.

அவன்தான் கேட்டான், அந்தப் பெண் கறியை எதில் வாங்கினாள் என்று.

அக்காவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பை. சிமெண்டு மூட்டைச் சாக்கைத் தைத்துப் பையாக்கி வைத்திருந்தாள். பெரிய துண்டாகவே போடுங்கள், பெரிய சட்டியில் வேகப்போவது என்று சொல்லியிருந்தாள்.

"கட்டடம் கட்டற எடத்துல சமைக்கிறவ" என்று எழுந்தே விட்டார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தார். போ என்று சொன்னாரா, போகாதே என்று சொன்னாரா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றுவரை அதுதான் அவரை அரிக்கிறது. என்னிடம் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "நான் போன்னு எடுத்துக்கிட்டேன்" என்பார்.

ஊரைச் சுற்றி மூன்று இடங்களில் கட்டட வேலை நடந்தது. இரண்டில் அப்படி யாரும் இல்லை. மூன்றாவது புறவழிச் சாலைக்கு அப்பால், பாதி எழும்பி நின்ற ஆறு மாடிக் கட்டடம். பக்கத்தில் தகரக் கொட்டகைகள். வெளியூரிலிருந்து வந்த அறுபது பேர் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். மேஸ்திரி கேட்டில் மறித்தார். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, ஒப்படைக்கும் தேதி நெருங்குகிறது, ஆஸ்பத்திரி பூச்சாண்டி காட்டி ஆளை ஓட்டிவிடாதீர்கள் என்றார். நர்ஸ் அடையாள அட்டையைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தார். அக்கா அவரோடு பேசவே இல்லை. சாப்பாட்டு மணி அடித்து, ஆட்கள் தட்டோடு இறங்கி வருவதைக் கம்பி வேலி வழியாகப் பார்த்தார். வரிசைக்கு முன்னால், கரண்டியோடு அதே பெண்.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டார். "அம்மா, சனிக்கிழமை என்கிட்ட ஈரல் வாங்கினீங்களே. அதுல நோய் இருந்துச்சு. என் வீட்டுக்காரரு சாகக் கெடக்கறாரு. இங்க யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

தட்டுகள் எல்லாம் அசையாமல் நின்றன. சமையல்காரப் பெண்ணின் கையிலிருந்து கரண்டி சட்டிக்குள் நழுவியது. நாலு பேர் காய்ச்சலும் வயிற்றுவலியுமாகப் படுத்திருக்கிறார்கள், வெயிலில் வேலை செய்ததால் என்று நினைத்தோம் என்றாள். அதற்குமேல் மேஸ்திரியால் கேட்டைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. உள்ளேயிருந்து ஆட்களே திறந்துவிட்டார்கள்.

நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன் அடித்தது. தம்பி. "அக்கா, மாமா..." என்றான். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

"சரிப்பா" என்றார் அக்கா. போனை இடுப்பில் சொருகினார். சமையல்காரப் பெண்ணிடம் திரும்பி, "எல்லாரும் வரிசையில நிக்கறாங்களா? இன்னொரு தடவ பாருங்க" என்றார்.

பார்த்தார்கள். இரண்டு பேர் குறைந்தார்கள். ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். இன்னொருவன் மூன்றாவது மாடியில், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே, எழுந்திருக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தான். கீழே விழாமல் அவனை நாலு பேர் பலகையில் வைத்து இறக்கினார்கள். படிக்கட்டுக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. அக்கா பலகையின் ஒரு மூலையைப் பிடித்தபடி சுவரை உரசிக்கொண்டு இறங்கினார். ஆறு பேரும் வண்டியில் ஏறிய பிறகுதான், கட்டடத்தின் நிழலில் மணல் குவியல் மேல் போய் உட்கார்ந்தார். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "போலாமா அக்கா" என்றார். அதுவரை நர்ஸ் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். மூன்றாவது மாடிக்காரன் மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தான். எங்கள் தெருவில் இஸ்திரிக் கடைக்காரருக்கும் அக்காவின் கணவருக்கும் பிறகு வேறு யாரும் சாகவில்லை.

கடைக்காரரின் உடலைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிய பிளாஸ்டிக் உறையோடுதான் அடக்கம். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. வந்தவர்கள் ஏழு பேர். நான் போனேன். டிரைவர் வந்தார். தம்பி மாமாவின் உறைமேல் கட்டுப்போடாத கையை வைத்துக்கொண்டே இருந்தான்.

போலீஸ் வந்து விசாரித்தபோதும் அக்கா சொன்ன வார்த்தை மாறவில்லை. செத்துப்போனவர்மேல் பழியைப் போட்டுவிடுங்கள், அவருக்கு இனி என்ன என்று வந்த போலீஸ்காரர்களில் ஒருவரே யோசனை சொன்னார். வாளியைக் கவிழ்த்தது என் கை என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் அக்கா. உரிமம் போனது. வழக்கு நடந்தது. தானாக வந்து சொன்னதையும், எல்லாரையும் தேடிப் போனதையும் டாக்டரம்மாவும் நர்ஸும் நீதிமன்றத்தில் சொன்னதால் சிறைக்குப் போகாமல் தப்பினார். பால்காரரை ஆறு மாதம் உள்ளே வைத்தார்கள். செத்த மாடுகளை மாட்டு டாக்டரின் ஆட்கள் சுண்ணாம்பு கொட்டி ஆழப் புதைத்து, அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். ரோடு போடுவதற்காக மண் தோண்டிய புறம்போக்கில் மாடுகளை மேயவிட்டதால் வந்திருக்கலாம் என்று மாட்டு டாக்டர் சொன்னார். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

இஸ்திரிக்காரர் மனைவி மன்னிக்கவில்லை. தினமும் காலையில் பூட்டிய கறிக்கடைக்கு எதிரே வந்து, என் கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அக்கா அந்த நேரத்தில் ஜன்னலைத் திறக்கமாட்டார். ஒருநாள் நான் சமாதானமாக ஏதோ சொல்லப்போய், "நீ காயில் கட்டு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

தம்பிக்கு ஒரு பண்டகசாலையில் காவல் வேலை கிடைத்தது. அக்கா ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். போர்வைகளை மடிக்கும் வேலை. அங்கே யாருக்கும் அவரைப் பற்றித் தெரியாது, அதனால் அவருக்குப் பட்டப்பெயரும் கிடையாது. சில நாள் மதியத்தில் சாப்பிட உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமலே எழுந்துவிடுவார் என்று தம்பி சொல்வான். ஒருமுறை மாட்டுக்காரர்கள் கூட்டத்தில் பேச வரச்சொல்லி மாட்டு டாக்டர் கூப்பிட்டார். போனார். மைக்கைப் பிடித்தார். ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

போன வருடம் கோடையில் நடந்தது இது. காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் பால்காரர். ஆள் பாதியாகியிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்தபடி, "அண்ணி, நான் உங்க மூஞ்சிலயே முழிக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தார்.

"மறுபடி மாடு வச்சிருக்கீங்களா?" என்றார் அக்கா.

வைத்திருக்கிறேன், எட்டு என்றார்.

"இந்த வருஷ அடைப்பான் ஊசி போட்டாச்சா?"

பால்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அடுத்த வாரம் போடலாம் என்று இருக்கிறேன், சினை மாடு ஒன்று இருக்கிறது, பால் குறையும் என்கிறார்கள் என்று இழுத்தார்.

அக்கா பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அவரையும் இறங்கச் சொன்னார். கொட்டகைவரை இரண்டு கிலோமீட்டர் வெயிலில் அவர் முன்னால் நடக்க, அக்கா பின்னால் நடந்தார். அங்கிருந்தே மாட்டு டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் வர மதியமாகிவிட்டது. அதுவரை அக்கா தண்ணீர்கூடக் கேட்காமல், ஒரு கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்திருந்தார். சினை மாட்டை டாக்டர் தனியாகப் பார்த்து, எப்போது போடலாம் என்று தேதி குறித்துக் கொடுத்தார். மற்ற ஏழுக்கும் அங்கேயே ஊசி போட்டார்கள். ஒரு மாடு முரண்டு பிடித்தபோது அக்காவே எழுந்து போய்க் கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் பால்காரர் மறுபடி ஏதோ சொல்ல வந்தார். அக்கா தேதி குறித்த சீட்டைக் கொட்டகைத் தூணில் ஆணியில் குத்திவிட்டு நடந்து வந்துவிட்டார். அன்றைய வேலை போயிற்று. மறுநாள், ஏன் வரவில்லை என்று விடுதியில் கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்று சொன்னாராம்.